எட்டாம் நம்பர்

வாலிநோக்கம் உப்பளத்துக்கு
பங்குனி பொறந்த மூணாம் நாள்
வந்து இறங்குச்சு
முப்பத்தொரு ஜோடி கம்பூட்ஸ்.
பிரிச்சுப் பார்த்தா எல்லாம் எட்டாம் நம்பர்.

"எட்டுன்னா எல்லாருக்கும் எட்டும்ல"
மேஸ்திரி அழகுபாண்டி
தன் பேச்சுக்குத் தானே சிரிச்சார்.
நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.

பாத்தியில இறங்கி நாலு எட்டு வச்சேன்.
கால் வந்துருச்சு,
பூட்ஸ் சேத்துலயே நின்னுச்சு
யாரோ என்னைய அங்கேயே நட்டுட்டுப் போன மாதிரி.

வெறுங்காலுக்கு உப்பு வரும், போகும்.
பூட்ஸுக்குள்ள வந்த உப்புக்கு
போக வழியில்ல.
மத்தியானத்துக்குள்ள
குதிகால் வெடிப்பு ஒவ்வொண்ணும்
தனித்தனியாப் பேச ஆரம்பிச்சது.

பூமயில் முனையில கிழிசல் சேலையை அடைச்சா.
ரெண்டே நாள், கட்டைவிரல் நகம் கறுத்துப்போச்சு.
காத்தாயி கழத்தி வரப்புல வச்சா,
உள்ள ஒரு நண்டு குடிவந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன்.
ரேஷன் கார்டு நம்பர் தெரியும்.
கேஸ் புஸ்தக நம்பர் தெரியும்.
மகன் சவுதிக்குப் போயி மாத்துன
மூணு போன் நம்பரும் தெரியும்.
நாப்பத்தாறு வருஷமா நடக்குறேன்,
என் கால் என்ன நம்பரு?

மறுநாள் வேலை விட்டதும், கால் வீங்கிக் கெடக்கும்போதே,
வெறும் உப்புச்சாக்கை விரிச்சு
மேல ஏறி நின்னேன், பாரம் முழுக்க இறக்கி.
பூமயில் கரித்துண்டால கோடு இழுத்தா.
விலகிப் பார்த்தா
ரெண்டும் ரெண்டு கால்.
மூட்டை விழுந்த வருஷத்துலேர்ந்து
இடது அகண்டுபோச்சாம்.
எனக்குச் சொல்லவே இல்ல.

அப்புறம் எல்லாரும் ஏறி நின்னாங்க.
முப்பத்தொரு பேருக்கும் சாக்கு தீர்ந்து
கடைசி மூணு பேரு கால் சிமெண்டுப் பையில.
எட்டு யாருக்கும் இல்ல.
அழகுபாண்டியையும் விடல, நிக்க வச்சு இழுத்தோம்:
கச்சிதமா எட்டு.
அவரு வரப்பை விட்டு இறங்குனதே இல்ல.

சாக்கைச் சுருட்டி
ஷேர் ஆட்டோவுல சாயல்குடி போனோம்.
சீனிக்காதர் கடையில
போன்ல பேசிக்கிட்டே சாக்கைப் பார்த்தவன்
போனை வச்சுட்டான்.

சும்மா மாட்டிப் பார்த்து எந்திரிக்கல நாங்க.
சாக்ஸோட போட்டோம்.
முன்னால கட்டைவிரல் அகலம் எடம் இருக்கான்னு
அமுக்கிப் பார்த்தோம்.
குந்தி உட்கார்ந்தோம்,
வாருபலகை இழுக்குற மாதிரி பின்னால நடந்தோம்,
கடைவாசல் சரிவுல இறங்கி ஏறினோம்.
குதிகால் தூக்குனா அது ஆகாது.
கெண்டையைக் கவ்வுனா அதுவும் ஆகாது.
புளியம்பழமும் ஓடும் மாதிரி இருந்தாலும் ஆகாது.
பஸ்ஸுக்கு நின்னவங்க
டிக்கெட் இல்லாம வேடிக்கை பார்த்தாங்க.

எட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டான், ஆளுக்கு இருபது ரூபா பிடிச்சுக்கிட்டு.
என் முறை வந்தப்ப மட்டும் முரண்டு பிடிச்சான்.
"இடது ஏழு, வலது ஆறா?
ஜோடியைப் பிரிச்சா
மிச்சத்தை யார் தலையில கட்டுறது?"

கடைக்கோடியில இருந்து
காத்தாயி சத்தம் கொடுத்தா.
அவளுக்கு வலது ஏழு, இடது ஆறு.
பதினோரு வருஷமா
ஒரே பாத்தியில எதிரெதிரா வாருறோம்,
மூணு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல,
சீட்டுக்காசுத் தகராறு.

அவ ஒண்ணைத் தள்ளிவிட்டா.
நான் ஒண்ணைத் தள்ளிவிட்டேன்.
பேசல.

நோட்டுல அழகுபாண்டி
"ஜோடி" கட்டத்துக்கு மேல பேனாவைத் தூக்கிப் பிடிச்சு
ரொம்ப நேரம் நின்னார்.

இன்னைக்கு வேலை முடிஞ்சு
பூட்ஸைக் கவுத்துத் தட்டினேன்.
ஒரு சிட்டிகை விழுந்துச்சு.
கஞ்சிக்குக் கூடக் காணாது.